சீமெந்து மூட்டைக்குள் ஒரு கடற்புல்வெளி

புத்தளம் நகரிலிருந்து வடக்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தை ஒட்டிக் கிடக்கிறது அருவக்காடு. சிங்களத்தில் அருவக்காலு. மேலே செம்மண், அதன் கீழே வெளிறிய சுண்ணாம்புக்கல். இயந்திரங்கள் முதலில் செம்மண்ணை வழித்து ஒதுக்குகின்றன. பிறகு வெடி வைத்துக் கல்லைப் பெயர்த்து பாலாவியிலுள்ள ஆலைக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கல்லுக்காகவே காட்டோரமாகத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஆலை 1970இல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்றிலிருந்து இலங்கையில் எழும்பிய எத்தனையோ வீடுகள், பாலங்கள், பள்ளிவாசல்கள், கோயில் மதில்களுக்குள் இந்தக் குழியின் ஒரு துண்டு இருக்கிறது.

அந்தக் கல் கடலில் பிறந்தது என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. சிப்பித் துண்டு பதிந்த கல்லைக் கல்லுடைப்பவரே காட்டித் தருவார். ஆனால் எப்படிப்பட்ட கடல்? ஆளை மூழ்கடிக்கும் ஆழமா, இடுப்பளவா? அலை புரண்ட கரையா, தேங்கிய களப்பா? அதில் ஆறு விழுந்ததா? எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன்? சிப்பியிடம் கேட்டால் அரைகுறையாகத்தான் பதில் வரும். முழுப் பதிலை வைத்திருப்பவை மணல்மணி அளவுகூட இல்லாத சில்லறை உயிர்களின் எச்சங்கள்.

சில்லறை என்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு. பெரிய உயிர்ச்சுவடு, தமிழ்நாட்டு வழக்கில் புதைபடிவம், அகப்படுவது அதிர்ஷ்டம். ஒரு பாறை முகத்தை நாள் முழுக்கத் தட்டினாலும் முழுச் சங்கு ஒன்று கிடைக்காமல் போகலாம். ஆழ்துளைக் கிணறு என்றால் கேட்கவே வேண்டாம்: துளைக்கும் அலகு பாறையைக் குருணையாக அரைத்துத்தான் மேலே அனுப்பும். அதில் சங்காவது சிப்பியாவது. ஆனால் அரை மில்லிமீட்டர் உடல் அந்த அலகின் பற்களுக்கு இடையே தப்பிவிடும். ஒரு கரண்டி கடற்சேற்றில் அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கலாம். நூறு இருந்தால் எண்ணலாம், விகிதம் பார்க்கலாம், ஒப்பிடலாம்.

இவற்றில் சுண்ணாம்புக்கல்லுக்கு உரியவை ஃபோராமினிஃபெரா. சுருக்கமாக ஃபோரம். ஒரே உயிரணு, அதைச் சுற்றி அதுவே கட்டிக்கொள்ளும் ஓடு, ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு. அறைகளுக்கு இடையேயுள்ள நுண்துளைகளை வைத்தே 1826இல் பிரெஞ்சுக்காரர் அல்சீட் டி'ஓர்பினி இந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் சரி, ஆள் அடையாளம் பிழை. சுருண்ட ஓட்டைப் பார்த்து இவை கணவாயின் குட்டிச் சொந்தங்கள் என்று அவர் எண்ணிவிட்டார். உள்ளே இருப்பது ஓருயிரணுதான் என்று 1835இல் ஃபெலிக்ஸ் டியூஜார்டின் காட்டிய பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கெட்டிக் கல்லிலிருந்து ஃபோரத்தைப் பிரித்தெடுப்பது லேசில் நடக்காது. அதனால் கல்லையே கண்ணாடியாக்கிவிடுவார்கள். வைர வாளால் ஒரு வில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தேய்த்துக்கொண்டே போவது. தடிப்பு 0.03 மில்லிமீட்டருக்கு வந்ததும் கல்லுக்குள் வெளிச்சம் புகுந்துவிடும். நுண்நோக்கியில் வைத்தால் வெள்ளைக் கல் ஒரு நகர வரைபடம்போல் விரியும். பாசி உடைசல், சிப்பி ஓட்டின் இழை, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் வளையம் வளையமாக ஃபோரங்கள். வளையத்துக்குள் சிற்றறைகள், அறைகளுக்குள் குட்டித் தூண்கள். சாதாரண வெளிச்சத்தில் சில ஓடுகள் மங்கிய தேன்நிறத்தில் கருமையாகத் தெரியும். பீங்கான்போல் மழமழப்பான ஓடு கட்டும் கூட்டம் அது.

இந்த ஓடுகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடைவெளியில் மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு அடைந்திருந்தால், அந்த இடத்தில் சேற்றைக் கழுவிப்போக அலைக்குப் பலம் இருக்கவில்லை. சேறே இல்லாமல், பிறகு வளர்ந்த தெளிவான படிகங்கள் மட்டும் இடைவெளியை நிரப்பியிருந்தால், அலை ஓயாமல் புடைத்த இடம் அது. அரிசியில் உமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, புடைத்ததா புடைக்காததா என்று சொல்வதுபோல.

அருவக்காட்டில் வெட்டப்படும் கல், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரை நீளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் தென்முனைப் பகுதி. காரைதீவிலும் குதிரைமலை முனையிலும் அது தலைகாட்டுகிறது. ஈ. ஜே. வேலண்ட் என்ற நிலவியலாளரும் ஏ. மோர்லி டேவிஸும் சேர்ந்து 1923இல் இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். வேலண்ட் அதற்குள் இலங்கையை விட்டுப்போய் உகண்டாவின் நிலவியல் அளவைத் துறைக்குத் தலைவராகியிருந்தார். இங்கே இருந்த காலத்தில் பாறை மட்டுமல்லாமல், செம்மண் படிவுகளில் கிடந்த கற்காலக் கருவிகளையும் பொறுக்கிச் சேர்த்தவர். இலங்கை நிலவியலில் அவர் கால் படாத வழி குறைவு.

இந்தக் கல்லுக்கு வயது சொல்ல உதவிய ஃபோரங்களில் முக்கியமானதன் பெயரிலேயே மலையாளக் கரை இருக்கிறது: தபரினா மலபாரிக்கா. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர் 1850களில் கேரளக் கல்லிலிருந்து அதை விவரித்தார். கொல்லத்துக்குப் பக்கத்தில், அஷ்டமுடி ஏரிக்கரைப் படப்பக்கரையில் அந்தச் சுண்ணாம்புக்கல்லை இன்றும் பார்க்கலாம். வில்லை வடிவம், சில மில்லிமீட்டர் அகலம். நுண்ணுயிர் என்று சொல்ல நா கூசும் அளவுக்குப் பெரியது. அதே உயிர் இலங்கைச் சுண்ணாம்புக்கல்லிலும் குஜராத்தின் கச்சிலும் இந்தோனேசியாவிலும் கிடைக்கிறது. அது வாழ்ந்தது முன் மயோசீனில். அந்தக் காலம் முடிந்த பிறகு எங்கும் இல்லை. ஆகவே அது இருக்கும் கல்லுக்கு ஏறத்தாழ 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டு வரை வயது. கொல்லமும் யாழ்ப்பாணமும் ஒரே கடலின் இரண்டு கரைகளாக இருந்த காலம்.

வயதைவிடச் சுவையானது முகவரி. தபரினாவின் கூட்டத்தில் உயிரோடு எஞ்சியிருக்கும் சொந்தக்காரர்கள் சொரைட்டீஸ் போன்றவை. இவை உடலுக்குள் நுண்பாசியைக் குடியமர்த்தி, அது வெயிலில் சமைக்கும் உணவில் பங்கு வாங்கிப் பிழைக்கின்றன. வெயில் வேண்டுமென்றால் நீர் ஆழமற்றதாக இருக்க வேண்டும், தெளிவாகவும் இருக்க வேண்டும். கலங்கல் கொண்டுவரும் பேராறு பக்கத்தில் இருக்கக் கூடாது. அவை ஒட்டி வாழப் பெரிதும் விரும்பும் இடம் கடற்புல்லின் இலை. கடற்புல் மென்மையானது; உயிர்ச்சுவடாக நிலைப்பது அபூர்வம். புல் அழுகி மறைந்துவிடுகிறது, புல்லில் குந்தியிருந்தவனின் ஓடு மிஞ்சுகிறது. வீடு இடிந்துபோன பிறகும் வாசற்படியைப் பார்த்து வீடு இருந்த இடத்தைச் சொல்வதில்லையா, அப்படி.

இந்த வாதத்தைச் சரிபார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. குழியிலிருந்து மேற்கே பார்த்தால் புத்தளம் களப்பு. சுமார் 327 சதுரக் கிலோமீட்டர். பெரும்பகுதியில் ஆளளவு ஆழமும் இருப்பதில்லை. மேற்கே கற்பிட்டி என்ற மணல்நாக்கு கடலைத் தடுத்து நிற்கிறது, வடக்கே வாய் திறந்திருக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவருகின்றன. களப்பின் தரையில் கடற்புல், கரையில் கண்டல், கற்பிட்டிக்கு வெளியே பவளப்பாறை. பாலாவிப் பக்கம் உப்பளங்கள் இருப்பதே நீரின் குணத்தைச் சொல்லிவிடுகிறது: மழையற்ற மாதங்களில் களப்பு நீர் கடலைவிட உவர்ப்பாகிவிடும். பீங்கான் ஓட்டுக் கூட்டத்தைச் சேர்ந்த மிலியோலிட் ஃபோரங்கள் இந்த உவர்ப்பைத் தாங்கும். ஆற்றுவாயில், உவர்ப்பு குறைந்து சேறு மிகுந்த இடத்தில், அமோனியா என்ற சுருள் ஓட்டு ஃபோரம் செழிக்கும். பெயரில் நாற்றம் இருந்தாலும் ஓடு அழகானது. ஒரே களப்பின் இரண்டு மூலைகளில் இரண்டு வேறு கூட்டங்கள். வெளிக்கடலில் மிதந்து வாழும் ஃபோரங்களோ கரையருகில் அரிது. ஆழம் கூடக் கூடத்தான் அவற்றின் பங்கு ஏறும். ஆக, எது இருக்கிறது என்பதோடு எது யாருடன் சேர்ந்து இருக்கிறது என்றும் கேட்கும்போதுதான் பாறை வாய்திறக்கிறது.

சாட்சி பொய் சொல்வதும் உண்டு. குதிரைமலைப் பக்கம் அலை அரிக்கும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஒரு மயோசீன் ஃபோரம் கழன்று விழுந்து இன்றைய கடற்கரை மணலில் சேரலாம். அந்த மணல் நாளை கல்லானால், அதற்கு 2 கோடி வயது என்று எவராவது எழுதிவைப்பார். இதைக் கண்டுபிடிக்க ஓட்டின் நிலையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விளிம்பு மழுங்கியிருக்கிறதா? பக்கத்திலுள்ள ஓடுகள் வெண்மையாயிருக்க இது மட்டும் பழுப்பேறியிருக்கிறதா? அறைகளுக்குள் சுற்றுப்புறச் சேறு இருக்கிறதா, வேறு கல்லின் நிரப்பு இருக்கிறதா? வயது கணிப்பதில் தலைசிறந்தவர்களும் இந்த இடத்தில் வழுக்கியதுண்டு.

குழியின் மேல்விளிம்புச் செம்மண்ணுக்கு வந்தால் கேள்வி தலைகீழாகிறது. அதில் சுண்ணாம்பு ஓடு கிடைப்பதில்லை. இரும்புத் துருவைப் போர்த்திய குவார்ட்ஸ் மணல்மணிகள் மட்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டை நேரில் கண்டவர்களுக்கு இந்தச் சிவப்பு பழக்கமானது. எச்சம் இல்லாததே சான்று, ஆகவே இது கடலில் படிந்ததல்ல என்று முடித்துவிட ஆசைதான். அவசரப்படக் கூடாது. மழைநீர் லேசான அமிலம். ஆயிரக்கணக்கான மாரிகளில் அது சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துக் கீழே இறக்கியிருக்க முடியும். ஓடு இல்லை என்பது ஒருபோதும் இருந்ததில்லை என்பதாகாது. அதனால் இங்கே நுண்ணெச்ச ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மணல்மணியின் உருட்சியையும் அளவையும் பார்ப்பவர்களும், அந்த மணி கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று ஒளிர்வு முறையில் அளப்பவர்களும் பேச வேண்டிய இடம் இது. காற்று குவித்த மணல்மேடு என்ற முடிவுக்கு அவர்கள் தரும் ஆதாரம்தான் பலமானது.

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் தப்போவக் குளம். இங்கே காலம் இன்னும் பின்னே ஓடுகிறது. பழைய உருமாற்றப் பாறைகளுக்கு நடுவே, பிளவுபட்டுக் கீழிறங்கிய ஒரு பள்ளத்தில் மணற்கல்லும் களிக்கல்லும் சிக்கிக்கொண்டு தப்பியிருக்கின்றன. 1922இல் சீவார்ட், ஹோல்ட்டம் என்ற தாவரவியலாளர்கள் இங்கிருந்து போன இலைச் சுவடுகளை ஜுராசிக் காலத் தாவரங்கள் என்று விவரித்தார்கள். 1925இல் வேலண்ட் அந்தப் பாறைகளைப் பற்றித் தனியே எழுதினார். 1944இல் சித்தோலி இந்தியாவிலிருந்து மீண்டும் அந்தத் தாவரங்களை ஆராய்ந்தார். பன்னங்கள், ஊசியிலை மரங்கள், சைக்கஸ்போல் தோன்றும் ப்டிலோஃபில்லம். இந்தியாவில் மேல் கோண்டுவானா எனப்படும் படிவுகளில் காணும் அதே கூட்டம்.

இங்கே ஃபோரம் இல்லை. இது ஆறும் ஏரியும் படியவைத்தது. இந்த வகைப் பாறையில் தேட வேண்டியது மகரந்தமும் வித்தியும். இவற்றின் சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலானது. இயற்கை செய்த கரிமப் பொருள்களில் இவ்வளவு பிடிவாதம் வேறெதற்கும் கிடையாது எனலாம். ஆய்வுகூடத்தில் கல்லைப் பொடித்து, முதலில் ஐதரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும், பிறகு ஐதரோபுளோரிக் அமிலத்தால் மணலையும் களியையும் கரைத்துவிடுவார்கள். கண்ணாடியையே தின்னும் அமிலம் அது. பிளாஸ்டிக் பாத்திரமும் புகைபோக்கியும் இல்லாமல் தொடக் கூடாது. கல் முழுக்கக் கரைந்த பிறகு அடியில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் நிற்கும். அந்தத் தூளில் மகரந்தம், வித்தி, மரத்துணுக்கு, இலையின் மேற்தோல், உருவமற்ற கரிமக் கூழ் எல்லாம் கலந்திருக்கும். மரத்துணுக்கு பெரிதாகவும் கூர்மையாகவும் இருந்தால் காடு பக்கத்தில். சிறுத்து வட்டமாகக் கருகியிருந்தால் நெடுந்தூரம் அலைந்து வந்தது. கூழ் மிகுந்திருந்தால் பிராணவாயு எட்டாத அமைதியான அடிநீர். ஒவ்வொரு துணுக்கையும் எண்ணி விகிதம் போட்டால் ஆற்றுவாயா, சதுப்பா, ஏரியின் நடுவா என்று சொல்லிவிடலாம்.

ஸ்போரோபொலெனினுக்கும் ஒரு எமன் உண்டு: பிராணவாயு. சிவந்து துருப்பிடித்த பாறையில் மகரந்தம் எரிந்ததுபோல் அழிந்துவிடும். தப்போவவின் இலைகள் பெரும்பாலும் இரும்புக்கறை படிந்த கல்லில் வெறும் அச்சாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, மகரந்தம் தேடுபவர் சிவப்பு அடுக்கை விட்டுச் சாம்பல் நிற அடுக்கை நாடிப் போவது ஏன் என்று விளங்கும்.

புத்தளம் கரைக்கு அப்பால், கடலுக்கு அடியில் இந்தக் கதை கிலோமீட்டர் கணக்கில் தடித்துவிடுகிறது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இழுபட்டு மெலிந்து தாழ்ந்த பள்ளம்தான் மன்னார்ப் படுகை. வடக்கே அதன் உடன்பிறப்பு காவிரிப் படுகை. அரியலூரின் கிரெட்டேசியச் சுண்ணாம்பும் நரிமணத்து எண்ணெயும் அதிலிருந்து வந்தவை. 2011இல் மன்னார்ப் படுகையில் கேய்ர்ன் நிறுவனம் சுமார் 1,350 மீட்டர் ஆழக் கடலில் துளைத்த டொராடோ கிணற்றில் இயற்கை வாயு அகப்பட்டது. அதே ஆண்டில் பரகூடா கிணற்றிலும். இத்தகைய கிணறுகளில் குருணையாக வரும் பாறைக்கு வயது சொல்வது நுண்ணெச்சங்களின் வேலை. வித்திகள் கூடுதலாக இன்னொன்றும் செய்கின்றன: வெப்பமானியாகின்றன. புதிய வித்தி வெளிர்மஞ்சள். புதைந்து சூடேற ஏற அது தேன்நிறமாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். தோசை முறுகுவதுபோலத்தான். இளம்பழுப்பில் பாறை எண்ணெய் தரும் பருவம், கரும்பழுப்பில் வாயு. முழுக் கறுப்பென்றால் தீய்ந்துபோன கதை.

நுண்ணெச்சங்கள் வயது சொல்லும் என்பதை எல்லாரும் எளிதில் நம்பிவிடவில்லை. 1921இல் அமெரிக்காவில் எஸ்தர் ரிச்சர்ட்ஸ் என்ற இளம்பெண், கிணற்றுக் குருணையிலுள்ள ஃபோரங்களைக் கொண்டு அடுக்குகளின் வயதைப் பிரிக்கலாம் என்று ஒரு மாநாட்டில் சொன்னபோது, பேராசிரியர் ஜே. ஜே. கேலவே எல்லார் முன்னிலையிலும் அதை எள்ளி நகையாடினார். திருமணத்துக்குப் பின் எஸ்தர் ஆப்ளின் ஆன அவரும், ஆல்வா எல்லிஸர், ஹெட்விக் நிக்கர் என்ற இருவரும் 1925இல் டெக்சஸ், லூசியானாக் கரையோர அடுக்குகளை ஃபோரம் கொண்டு வரிசைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் ஃபோரம் பார்ப்பவர்களைத் தேடித் தேடி வேலைக்கு வைத்தன.

மீண்டும் அருவக்காட்டுக்கு வருவோம். அங்குள்ள குழிகளை அண்டிய நிலத்துக்குத்தான் கொழும்புக் குப்பையைக் கொண்டுவரத் திட்டம் வந்தது. 2018, 2019இல் புத்தளம் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அரசியலை ஒருபுறம் வைத்தாலும், கீழே இருப்பது ஓட்டைகளும் கரைந்த பிளவுகளும் நிறைந்த, நீர் ஊடுருவும் கல் என்பது நிலவியல். கடற்புல்வெளியில் குவிந்த ஓடுகளால் ஆன கல் வேறெப்படி இருக்கும்?

குழியில் எஞ்சுவதைவிட ஆலைக்குப் போவது அதிகம். அங்கே சூளையில் சுமார் 1,450 பாகை செல்சியசில் கல் வேகும்போது கரியமிலவாயு பறந்துவிடுகிறது. அறையும் தூணும் வளையமும் உருகி உருவிழக்கின்றன. மூட்டையாகி வரும் தூளில் நுண்நோக்கி வைத்தாலும் இனி எதையும் வாசிக்க முடியாது. குழியின் வெட்டுமுகம் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, அடுக்கு அடுக்காக மாதிரி எடுத்து, பல்கலைக்கழகமொன்றில் சேர்த்து வைக்க வேண்டும். வெட்டி முடித்த அடுக்கைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

கற்பிட்டிக்கோ களப்பின் கரைக்கோ போகிறவர்கள் ஒரு சிறு வேலை செய்து பார்க்கலாம். கரையொதுங்கிய கடற்புல் இலைகளை ஒரு வாளி நீரில் போட்டு நன்றாக உலுக்குங்கள். அடியில் தங்கும் மண்ணை மெல்லிய துணியில் வடித்துக் காயவைத்து, கறுப்புத் தாளில் பரப்புங்கள். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். பீங்கான்போல் மின்னும் வெள்ளை வட்டுகள் தெரிந்தால் அவை ஃபோரங்களாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று போதும்.